காலையில் ஸ்டார்ட் ஆகாத வண்டியும் "ராத்திரி விட்டுட்டுப் போங்க" என்ற மெக்கானிக்கும்

இந்தப் பட்டறைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. குன்னூரிலிருந்து கோத்தகிரி போகிற பாதையில், தேயிலைத் தோட்டத்துக்கும் ரோட்டுக்கும் நடுவில் தகர ஷீட் போட்ட கொட்டகை. உள்ளே இரண்டு கார் நிற்கும், மூன்றாவது வந்தால் ரோட்டோரம். பெயர் போட்டு எழுதட்டுமா என்று மெக்கானிக் அண்ணனிடம் கேட்டேன். "வேண்டாம் சார், இருக்கிற வண்டியே முடிய மாட்டேங்குது, நீங்க வேற ஆளைச் சேர்த்துவிடாதீங்க" என்றார். சரி, பெயர் இல்லாமலே எழுதுகிறேன். குன்னூர்க்காரர்களுக்கு இந்த நான்கு வரியிலேயே ஆள் யாரென்று தெரிந்திருக்கும்.

இந்தப் பட்டறைக்கு என் மார்க் ஐந்துக்கு நாலரை. அந்த அரை ஏன் குறைந்தது என்று பின்னால் சொல்கிறேன்.

என் வண்டி 2013 மாடல் டீசல், ஒரு லட்சத்து நாற்பத்திரண்டாயிரம் ஓடியிருக்கிறது. இன்ஜின் அந்த 1.3 லிட்டர் மல்டிஜெட். ஸ்விஃப்ட், டிசையர், இண்டிகா விஸ்டா, புன்டோ என்று ஒரு காலத்தில் எந்த கம்பெனி பானட்டைத் திறந்தாலும் இருந்த இன்ஜின், "நேஷனல் இன்ஜின்" என்று கிண்டலாகவே பெயர் வைத்திருந்தார்கள். கோவையில் இருந்தவரை ஒரு தொந்தரவும் கொடுக்கவில்லை. குன்னூருக்கு வீடு மாறி இரண்டாவது குளிர்காலம், நவம்பர் கடைசியில் ஆரம்பித்தது. காலை ஆறரைக்குச் சாவியைத் திருப்பினால் செல்ஃப் நன்றாகச் சுற்றும், இன்ஜின் மட்டும் பிடிக்காது. எட்டு செகண்ட், பத்து செகண்ட் சுற்றிய பிறகு ஒரு இருமல், அப்புறம் வண்டி முழுக்க ஒரு நடுக்கம், பின்னால் வீட்டுச் சுவரே தெரியாத அளவுக்கு வெள்ளைப் புகை, டீசல் நெடி. ஒரு நிமிஷம் நொண்டிவிட்டு எதுவுமே நடக்காத மாதிரி ஓட ஆரம்பித்துவிடும். அதற்கப்புறம் அன்று முழுக்க எத்தனை முறை ஆஃப் செய்து போட்டாலும் தொட்டதும் ஸ்டார்ட். ஜனவரி வந்தபோது காலையில் நான்கு முறையாவது செல்ஃப் அடிக்க வேண்டியிருந்தது.

மலையில் இருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, சந்தேகமான வண்டியை ராத்திரியே மூக்கு சரிவைப் பார்க்கிற மாதிரி நிறுத்திவைப்பார்கள். காலையில் ஹேண்ட் பிரேக்கை எடுத்து உருட்டிவிட்டு செகண்ட் கியரில் க்ளட்சை விட்டால் பிடித்துக்கொள்ளும். நானும் பத்து நாள் அப்படி ஓட்டினேன். இன்ஜின் ஓடாதபோது பிரேக் கல்லு மாதிரி இருக்கும், ஸ்டீயரிங்கும் கனக்கும். ஒருநாள் எதிரே பால் வண்டி வந்தபோதுதான் இது பிழைப்புக்காகாது என்று தோன்றியது.

ஆலோசனைக்கா பஞ்சம்? எதிர்வீட்டு மாமா குளிரில் டீசல் உறைந்துவிட்டது, அரை லிட்டர் மண்ணெண்ணெய் கலந்து பார் என்றார். அவர் ஓட்டிய காலத்து ஜீப்புக்கு அது சரியாக இருந்திருக்கலாம். என் வண்டியில் இருப்பது காமன் ரெயில் இன்ஜின், அதாவது எல்லா சிலிண்டருக்கும் ஒரே குழாயிலிருந்து அதிக அழுத்தத்தில் டீசல் போகிற வகை. அதன் ஹை பிரஷர் பம்புக்கு டீசல்தான் எண்ணெய், அதற்கு வேறு லூப்ரிகேஷன் கிடையாது. மண்ணெண்ணெய்க்கு அந்த வழவழப்பு இல்லை, பம்ப் தேய்ந்து அந்தத் துகள், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்குப் போகும். அதுவும் போக குன்னூர்க் குளிர் டீசல் உறைகிற குளிரா என்ன? 2019இல் இந்தியன் ஆயில் லடாக்குக்கென்று மைனஸ் 33 டிகிரியிலும் ஓடக்கூடிய தனி டீசல் கொண்டுவந்தது, அங்கேதான் அது பிரச்சினை. நமக்கு அந்த அளவுக்கெல்லாம் குளிர் போகாது. இன்னொரு நண்பர் ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரேயை ஏர் ஃபில்டரில் அடிக்கச் சொன்னார். சிலிண்டருக்குள் பழுக்கக் காய்கிற ஹீட்டர் பிளக் இருக்கிற டீசல் இன்ஜினில், சட்டென்று பற்றிக்கொள்ளும் அந்த ஈதர் ஸ்ப்ரேயை அடிப்பது பட்டாசுக் கடையில் தீக்குச்சி கிழிக்கிற மாதிரி, தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.

இதற்கு நடுவில் சமவெளியில் ஒரு பெரிய மல்டி பிராண்டு ஒர்க் ஷாப்புக்கு இரண்டு முறை போனேன். ஏசி ஹால், காபி மெஷின், டேப்லெட் வைத்துக்கொண்டு கம்ப்ளெயின்ட் எழுதும் பையன், எல்லாம் உண்டு. முதல் முறை பேட்டரி வீக் என்று மாற்றினார்கள், 7,200 ரூபாய். கூடவே ஜெனரல் சர்வீஸ், டீசல் ஃபில்டரும் புதிது. மறுநாள் காலை வண்டி முன்னை விட மோசம். புது பேட்டரி என்பதால் செல்ஃப் மட்டும் இன்னும் வேகமாகச் சுற்றியது, பிடிக்காமல் வேகமாகச் சுற்றியது. இரண்டாவது முறை நான்கு இன்ஜெக்டரும் போய்விட்டது என்று 64,000 ரூபாய்க்கு எஸ்டிமேட். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டால், "ஏஜ் ஆயிடுச்சு சார், கிலோமீட்டரும் ஆயிடுச்சு" என்று பதில். இரண்டு முறையும் நான் மலையிறங்கி பதினொரு மணிக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். அடுப்பு மாதிரி கொதித்துக்கொண்டிருந்த இன்ஜினைத்தான் அவர்கள் ஸ்டார்ட் செய்து பார்த்தார்கள், அது ஒரே தொடுதலில் ஸ்டார்ட் ஆனது. இல்லாத வியாதியைப் பார்த்து மருந்து எழுதின கதை.

இந்த ஆத்திரத்தோடுதான் தகரக் கொட்டகைக்குப் போனேன். அண்ணன் பானட்டையே திறக்கவில்லை. டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வியாகக் கேட்டார். செல்ஃப் சுற்றும்போது சத்தம் இழுக்குதா, சீராக இருக்கா? பிடிக்கிறதுக்கு முன்னாடியே புகை வருதா, பிடிச்ச பிறகுதானா? புகை வெள்ளையா, கறுப்பா? கடைசியாக ஒன்று: "கீழ போய் ராத்திரி தங்கினா காலையில எப்படி?" யாரும் கேட்காத கேள்வி அது. மேட்டுப்பாளையத்தில் மாமியார் வீட்டில் மாதம் ஒரு முறையாவது தங்குகிறோம், அங்கே காலையில் ஒரு நாள்கூட மக்கர் செய்ததில்லை. இவ்வளவு நாள் எனக்கே உறைக்காத விஷயம் இது. சொன்னதும், "அப்ப வண்டியை ராத்திரி இங்கயே விட்டுட்டுப் போங்க. காலையில நான் வர்ற வரைக்கும் யாரும் சாவியைத் தொடக் கூடாது. நீங்களும் வாங்க, ஆறு மணிக்கு" என்றார்.

ஆறு மணிக்குப் போனேன். நல்ல மூடுபனி, கண்ணாடியெல்லாம் நீர் கோத்திருந்தது. அவர் குரங்குக் குல்லாயோடு எனக்கு முன்பே வந்து மல்டிமீட்டரை பேட்டரியில் மாட்டியிருந்தார். சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட். என்னைச் சாவி போடச் சொன்னார், செல்ஃப் சுற்றும்போது 10.3. "பத்துக்கு மேல நிக்குது, 9.6க்குக் கீழ விழுந்தாத்தான் பேட்டரியைச் சந்தேகப்படணும். இதுல பேட்டரிக்கு வேலை இல்லை. பழசும் நல்லாத்தான் இருந்திருக்கும் சார்." 7,200 ரூபாய் கண் முன் ஒரு முறை வந்துவிட்டுப் போனது.

அப்புறம் பின்னால் போய் சைலன்ஸர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். மறுபடி செல்ஃப். இன்ஜின் பிடிக்காமலே வெள்ளைப் புகை மெல்ல வந்தது. புகைக்குள் கையை விட்டு எடுத்து மோந்து பார்த்தார். டீசல் உள்ளே வருகிறது, எரியாமல் அப்படியே ஆவியாகி வெளியே போகிறது, அதனால்தான் வெள்ளை. புகையே வராமல் சுற்றினால் டீசல் வரவில்லை என்று அர்த்தம், அது வேறு வழி. ஆக இங்கே குறைவது சூடு. வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறைப் படிக்கும் ஸ்கேனரைச் சொருகினார், பி 0380 என்று ஒரு கோளாறு எண். அது ஹீட்டர் பிளக் சர்க்கியூட்டில் கோளாறு என்பது வரைக்கும்தான் சொல்லும், பிளக்கா, வயரா, ரிலேயா என்று சொல்லாது. 64 ஆயிரத்துக்கு எஸ்டிமேட் போட்டவர்கள் இந்த ஸ்கேனரை ஒரு முறையாவது சொருகிப் பார்த்தார்களா என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் கிடையாது, காற்றை அமுக்குவதில் பிறக்கும் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது என்பது பலருக்கும் தெரியும். ராத்திரி முழுக்கக் குளிர்ந்த இரும்பு அந்தச் சூட்டை உறிஞ்சிவிடும். அதற்குத்தான் சிலிண்டருக்கு ஒன்றாக ஹீட்டர் பிளக், சில செகண்டில் அதன் முனை பழுக்கக் காய்ந்து, பக்கத்தில் வந்து விழும் டீசலைப் பற்றவைக்கும். குன்னூர் ஆறாயிரம் அடி உயரம், காற்றழுத்தம் கடல் மட்டத்தை விட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அமுக்குவதற்குக் காற்றே குறைவு, அந்தக் காற்றும் குளிர்ச்சி. மேட்டுப்பாளையத்தில் காலையிலும் இருபது டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும்போது பிளக் செத்திருந்தாலும் வண்டி தெரியாத மாதிரி சமாளித்துவிடும். இங்கே வந்ததும் சாயம் வெளுத்துவிட்டது.

நான் கேட்டேன், டேஷ்போர்டில் ஹீட்டர் பிளக்குக்கான அந்தச் சுருள் விளக்கு ஒழுங்காக எரிந்து அணைகிறதே அண்ணா என்று. சிரித்தார். பெரும்பாலான வண்டிகளில் அந்த விளக்கு இன்ஜின் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று பார்த்து இவ்வளவு நேரம் பொறு என்று சொல்கிற விளக்குதான். பிளக் உண்மையில் காய்ந்ததா என்பதற்கு அது சாட்சி கிடையாது. நான் தினமும் அது அணையும் வரை பக்தியோடு காத்திருந்துதான் சாவியைத் திருப்பினேன்.

சோதனை எளிதுதான், வீட்டில் மல்டிமீட்டர் இருந்தால் நீங்களும் செய்யலாம். சாவியை எடுத்துவிட்டு, பிளக்கின் தலையிலிருந்து வயரைக் கழற்றி, மீட்டரை ஓம் அளவில் வைத்து ஒரு முனையைப் பிளக் தலையிலும் இன்னொன்றை இன்ஜின் இரும்பிலும் வைக்க வேண்டும். அதற்கு முன் மீட்டரின் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும், அந்த வயருக்கே 0.2, 0.3 ஓம் இருக்கும், அதைக் கழித்துக்கொள்ளணும். நல்ல பிளக் ஒரு ஓமுக்குப் பக்கத்தில் அல்லது அதற்கும் குறைவாகக் காட்டும். என் வண்டியில் இரண்டாவது சிலிண்டரில் மட்டும் 0.8. ஒன்று, மூன்று, நான்கு எதிலும் மீட்டரில் ரீடிங்கே வரவில்லை, உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. காலையில் இருமிவிட்டு வண்டி ஏன் நடுங்கியது என்பது அப்போதுதான் புரிந்தது: ஒரு சிலிண்டர் மட்டும் முதலில் பிடித்து மற்ற மூன்றையும் இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறது. பிளக்கைக் கழற்றி பேட்டரியில் நேராகக் கொடுத்துப் பழுக்கிறதா என்று பார்க்கிற வித்தை ஒன்று உண்டு, அதை நீங்கள் செய்ய வேண்டாம். 12 வோல்ட்டுக்குக் குறைவான மின்சாரத்துக்கென்று செய்த பிளக்கும் புழக்கத்தில் இருக்கிறது, கொடுத்த மாத்திரத்தில் எரிந்துபோகும், கையிலேயே வெடித்தாலும் வெடிக்கும்.

கழற்றுவதுதான் உண்மையான வேலை. அண்ணன் மேல் எனக்கு மரியாதை வந்தது அங்கேதான். பத்து வருஷத்துக்கு மேல் கரியும் சூடும் ஏறின பிளக், பென்சில் கனம் கூட இருக்காது. பலம் கொடுத்தால் பாதியில் முறியும், முறிந்தால் இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டையே கழற்ற வேண்டும், செலவு எங்கேயோ போய்விடும். முந்தின நாள் சாயங்காலமே ஒரு சந்தேகத்தில் பிளக்கைச் சுற்றித் துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து வைத்திருந்தார். இப்போது வண்டியை எப்படியோ ஸ்டார்ட் செய்து, இன்ஜின் நன்றாகச் சூடாகும் வரை ஓடவிட்டார். அலுமினியம் ஹெட் சூட்டில் கொஞ்சம் விரியும், பிடி தளரும். பிறகு நீளமான சாக்கெட், சின்னக் கைப்பிடி. வேண்டுமென்றே சின்னது, பெரிய கைப்பிடி இருந்தால் கை தானாகப் பலம் கொடுத்துவிடுமாம். கால் சுற்று திறப்பார், மறுபடி அரைக்கால் சுற்று மூடுவார், ஸ்ப்ரே, மறுபடி திறப்பார். ஒன்று, இரண்டு, மூன்று வந்துவிட்டன. இரண்டாவது நன்றாக இருந்தும் இதோடு சேர்த்து மாற்றிவிடலாம் என்றார், வயது ஒன்றுதானே. வெளியே வந்த மூன்றாவது பிளக்கின் முனை வீங்கிக் கறுத்து, எரிந்த ஊதுபத்தி மாதிரி இருந்தது.

நான்காவது அசையவில்லை. இருபது நிமிஷம் பார்த்தார். உதவிக்கு இருந்த தம்பி பெரிய ஸ்பேனரைக் கொண்டுவந்து நீட்டினான், அவர் முறைத்த முறைப்பில் அவனே திருப்பிக் கொண்டுபோய் வைத்துவிட்டான். "மூணு பிளக் வேலை செஞ்சா இந்த ஊர்க் குளிருக்குப் போதும் சார். இதை இன்னைக்கு நான் வம்புக்கு இழுத்தா உங்களுக்குத்தான் செலவு." வேலை முடியவில்லை என்று ஒத்துக்கொண்டு கையை எடுக்கிற மெக்கானிக்கை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இன்ஜெக்டர் எஸ்டிமேட்டையும் காட்டினேன். படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நான்கு சின்ன பாட்டிலை எடுத்து, இன்ஜெக்டர்களிலிருந்து மிச்ச டீசல் திரும்பிப் போகும் ரிட்டர்ன் பைப்பைக் கழற்றி ஒவ்வொன்றையும் ஒரு பாட்டிலில் விட்டு இன்ஜினை ஓடவிட்டார். தேய்ந்துபோன இன்ஜெக்டர் பின்பக்கமாக அதிகம் ஒழுகும், அந்த பாட்டில் மட்டும் சீக்கிரம் நிறையும். நான்கிலும் கிட்டத்தட்ட ஒரே மட்டம். பாட்டில்களை வரிசையாகச் சுவர் மேல் வைத்து, "போட்டோ எடுத்துக்கங்க" என்றார். எடுத்து வைத்திருக்கிறேன், அந்த எஸ்டிமேட்டுக்குப் பக்கத்திலேயே.

இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அவர் இன்னொரு ராத்திரி விடச் சொன்னார். கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது, மகளை ஸ்கூலுக்கு ஆட்டோவில் அனுப்ப வேண்டியிருந்தது. மறுநாள் காலை ஆறு மணிக்கு வண்டி புகையில்லாமல் பிடித்தது, நடுக்கமும் இல்லை. ஆனால் பிடிக்க நாலு செகண்ட் ஆனது. எனக்கு அதுவே சொர்க்கம். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். "இப்ப புகையே வரலை பாருங்க, சுத்தற வரைக்கும். நேத்து டீசல் வந்து எரியலை. இன்னைக்கு டீசலே லேட்டா வருது." டீசல் ஃபில்டரிலிருந்து பம்புக்குப் போகும் வழியில் ஒரு அடி நீளக் கண்ணாடி டியூபை மாட்டி, இன்ஜினை ஓடவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கோலி சோடா மாதிரி குமிழ் குமிழாக ஓடிக்கொண்டிருந்தது. எங்கேயோ காற்று இழுக்கிறது. ராத்திரி வண்டி நிற்கும்போது அந்த வழியாகக் காற்று உள்ளே போய் டீசல் டேங்க் பக்கம் இறங்கிவிடும், காலையில் அது திரும்ப ஏறி வர வேண்டும்.

ஃபில்டரைத் திறந்தார். கடைசியாக சர்வீஸ் செய்தவர்கள் உள்ளே இருக்கும் ரப்பர் ஓ-ரிங்கை முறுக்கி உட்கார வைத்து, அதன் மேலேயே மூடியை இறுக்கியிருந்தார்கள். ஒரு இடத்தில் நகத்தால் கிள்ளின மாதிரி வெட்டு. முதல் முறை அங்கே போய் வந்த மறுநாளே வண்டி ஏன் இன்னும் மோசமானது என்பதற்கும் பதில் கிடைத்துவிட்டது. புது ஃபில்டர் செட், ரிங்கில் டீசலைத் தடவி உட்கார வைத்து, உள்ளே இருந்த காற்றை வெளியேற்றி, மறுபடி அதே டியூபில் பார்த்தோம். குமிழ் இல்லை, தேன் நிறத்தில் டீசல் மட்டும். மூன்றாவது ராத்திரியும் விடச் சொல்வாரோ என்று பயந்தேன், நல்லவேளை வீட்டுக்கே விட்டார். மறுநாள் ஆறரைக்குச் சாவியைத் திருப்பினேன், ஒரே சுற்று. என் மனைவி ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

பில் என்று ஒன்று கிடையாது, பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். பிளக் நான்கு, ஒன்று 780 வீதம் 3,120. ஃபில்டர் செட் 950. இரண்டு நாள் கூலி 1,500. மொத்தம் 5,570 ரூபாய். கழற்றின பழைய சாமான் எல்லாவற்றையும் கேட்காமலே பையில் போட்டுக் கொடுத்தார். எது போச்சு, எது புதுசு என்று பிளக் அட்டைப்பெட்டியில் எண் போட்டு வைத்திருந்தார்.

இப்போது அந்த அரை மார்க். போன் எடுக்க மாட்டார், நேரில்தான் போக வேண்டும். "நாளைக்குப் பார்க்கலாம்" என்றால் மூன்று நாள் என்று எடுத்துக்கொள்ளுங்கள், என் வண்டியே நான்கு நாள் வரிசையில் காத்திருந்தது. உட்கார இடம் கிடையாது, டயர் மேல்தான், அதிலும் பூனை இருந்தால் நின்றுகொண்டுதான். ஜிஎஸ்டி பில் வேண்டும், ஆபீஸில் கணக்குக் காட்ட வேண்டும் என்பவர்களுக்கு இந்த இடம் சரிப்படாது. வாரண்டி ஓடிக்கொண்டிருக்கும் புது வண்டியையும் இன்ஷூரன்ஸ் வேலையையும் அவரே வாங்க மாட்டார். டிரைவர் சீட்டில் கிரீஸ் கை அச்சு ஒன்று பதிந்திருக்கிறது, இரண்டு முறை சோப்புப் போட்டும் போகவில்லை. போகும்போது ஒரு பழைய துண்டைக் கொண்டுபோய் சீட்டில் போட்டுவிடுங்கள். அப்புறம், வண்டியை எப்படி வைத்திருக்கிறீர்கள் என்று திட்டு விழும், நன்றாகவே விழும், அதையும் கூலியில் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

வண்டியைக் காலையில் பார்க்க வேண்டியிருந்தால் முந்தின நாள் சாயங்காலம் நாலு மணிக்குள் கொண்டுபோய் விடுங்கள், ஐந்துக்கு மேல் உள்ளே இடம் இருக்காது. பெட்ரோல் வண்டியும் பார்க்கிறார். நான் போனபோது பக்கத்தில் நின்ற பழைய பெட்ரோல் காருக்கும் இதே மாதிரி காலை வியாதிதான், அதில் ராத்திரி பெட்ரோல் பிரஷர் இறங்கிவிடுகிறது என்று கேஜ் மாட்டி வைத்திருந்தார். சாவியை இரண்டு மூன்று முறை ஆன் செய்து ஆஃப் செய்த பிறகு ஸ்டார்ட் செய்தால் பிடிக்கிறது என்றால் அதுதான் அடையாளமாம்.

இப்போது மூன்று பிளக்கிலேயே வண்டி ஓடுகிறது. நான்காவது பிளக் அட்டைப்பெட்டியோடு டேஷ்போர்டில் கிடக்கிறது. அடுத்த ஆயில் சர்வீஸுக்கு வருவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே தினமும் சாயங்காலம் அந்தப் பழைய பிளக்கைச் சுற்றி இரண்டு சொட்டு ஸ்ப்ரே அடித்து வரச் சொல்லி, பாதி தீர்ந்த டப்பா ஒன்றையும் கையில் கொடுத்திருக்கிறார். இன்று இரண்டாவது நாள்.